எம்.ஏ.எஸ். என்கிற மூன்றெழுத்தும் கெர்னல் டிரைவர்களும்

டெல்லிப் பக்கம் குப்பை கொட்டுகிற தமிழ்க் குடும்பம் எல்லாவற்றுக்கும் மனப்பாடமான மூன்றெழுத்து ஒன்று உண்டு. எம்.ஏ.எஸ். பொங்கலோ, கோடை லீவோ, ஊரில் கல்யாணமோ, டிக்கெட் எடுக்க உட்கார்ந்தால் 'எங்கிருந்து' கட்டத்தில் என்.டி.எல்.எஸ்., 'எங்கே' கட்டத்தில் எம்.ஏ.எஸ். என்று கை தானாகத் தட்டிவிடும்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மெட்ராஸ் 1996-இல் சென்னை ஆகிவிட்டது. மெட்ராஸ் சென்ட்ரல் சென்னை சென்ட்ரல் ஆனது. 2019-இல் அதே ஸ்டேஷனுக்கு புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயர் வந்தது. பலகை மாறியது, டிக்கெட்டில் அச்சாகிற பெயர் மாறியது. எம்.ஏ.எஸ். மட்டும் நகரவே இல்லை. மெட்ராஸின் மிச்சமாக அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

எல்லா ஊரிலும் இப்படி விட்டுவைக்கவில்லை. முகல்சராய் 2018-இல் பண்டித தீன்தயாள் உபாத்யாயா ஜங்ஷன் ஆனபோது எம்.ஜி.எஸ். போய் டி.டி.யு. வந்தது. அலகாபாத் ஜங்ஷன் 2020-இல் பிரயாக்ராஜ் ஜங்ஷன் ஆனபோது ஏ.எல்.டி. போய் பி.ஆர்.ஒய்.ஜே. வந்தது. ஊர்ப் பெயரை மாற்றலாமா கூடாதா என்கிற அரசியலுக்கு நான் வரவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு கேள்வி: மனுஷர்கள் படிக்கிற பெயர் மாறும்போது, கம்ப்யூட்டர் படிக்கிற பெயரும் கூடவே மாறியாக வேண்டுமா?

நான் பொட்டி தட்டிப் பிழைக்கிற இடத்தில் இந்தக் கேள்வி வாரம் ஒரு தடவையாவது வரும். நொய்டாவில் உட்கார்ந்து லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுவதுதான் நம்ம ஆணி. டிரைவர் என்றதும், "அப்போ என்ன வண்டி ஓட்டுறீங்க?" என்று என் சித்தப்பா கேட்டது குடும்பத்தில் பிரசித்தம். அதனால் ரெண்டே பத்தியில் விளக்கம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

கெர்னல் என்பது நீங்கள் ஓட்டுகிற மென்பொருளுக்கும் உள்ளே இருக்கிற சில்லுகளுக்கும் நடுவில் நிற்கிற ஆள். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். ஒவ்வொரு வன்பொருளோடும் பேச கெர்னலுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர்தான் டிரைவர். உலகத்தில் இருக்கிற எல்லா நெட்வொர்க் கார்டுக்கும், சவுண்டுக்கும், டச் ஸ்கிரீனுக்கும் டிரைவரை ஒரே பெட்டியில் அடைக்க முடியாது. அதனால் கெர்னலைக் கட்டும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கிறோம். அந்தத் தேர்வுகளைத்தான் கான்ஃபிக் ஆப்ஷன் என்கிறோம். எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டும். பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று பதில் உண்டு. 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டு. 'எம்' என்றால் தனி மாட்யூலாக வை, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளலாம். 'என்' என்றால் வேண்டாம்.

இந்தப் பதில்கள் எல்லாம் 'டாட் கான்ஃபிக்' என்ற ஒரு கோப்பில் போய் உட்காரும். கெர்னல் புதிதாக வரும்போது யாரும் பத்தாயிரம் கேள்விக்கும் மறுபடி பதில் சொல்ல மாட்டார்கள். பழைய கோப்பைப் புது கெர்னலுக்குள் போட்டு, புதுக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்வார்கள். அல்லது எல்லாவற்றுக்கும் டீஃபால்ட் என்று விட்டுவிடுவார்கள். பல இடங்களில் ஒரே டாட் கான்ஃபிக் பத்து வருஷமாகக் கை மாறி வந்துகொண்டிருக்கும். எழுதினவர் எப்போதோ வேலை மாறிப் போயிருப்பார்.

இப்போது விஷயம். 2002-இல் வந்த கேகான்ஃபிக் முறையில் ஒவ்வொரு டிரைவர் ஆப்ஷனுக்கும் ரெண்டு பெயர். ஒன்று சிம்பல். பெரிய எழுத்தில், இடைவெளி இல்லாமல், உதாரணமாக 'இ1000இ' என்று இருக்கும். கோப்பில் எழுதும்போது முன்னால் 'கான்ஃபிக்' ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று பிராம்ப்ட், மெனுவில் மனுஷர்கள் படிக்கிற வரி: 'இன்டெல் புரோ/1000 பிசிஐ எக்ஸ்பிரஸ் கிகாபிட் ஈதர்நெட்' என்று நீளமாக. பிராம்ப்ட் ஸ்டேஷன் பலகை. சிம்பல் எம்.ஏ.எஸ்.

என் கட்சி இதுதான்: பலகையை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றுங்கள். சிம்பலை வைக்கும்போது நாலு தடவை யோசியுங்கள். வைத்துவிட்டால் தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், சிம்பல் காணாமல் போனால் கெர்னல் அழாது. பழைய டாட் கான்ஃபிக்கில் இருக்கிற ஒரு பெயர் புது கெர்னலுக்குத் தெரியவில்லை என்றால், வழக்கமான ஓட்டத்தில் அந்த வரியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். புதுப் பெயருக்கு டீஃபால்ட் பெரும்பாலும் 'என்'. கட்டுமானம் ஒரு எரர் இல்லாமல் முடியும். பெட்டியை இயக்கும்போதுதான் தெரியும். சி நிரலுக்குள்ளும் இதே கதைதான். ஒரு சிம்பலை எழுத்துப் பிழையோடு சோதித்தால் கம்பைலர் குறை சொல்லாது, அந்தத் துண்டு நிரல் இல்லாதது மாதிரி விட்டுவிடும். இப்படி அனாதையாகத் திரியும் பெயர்களைத் தேடிப் பிடிக்கவே கெர்னல் மூலத்தோடு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வருகிறது என்றால், பிரச்சினை எவ்வளவு சகஜம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்த உதாரணம் ரெண்டு. 2006 நவம்பரில் வந்த 2.6.19 கெர்னலில், சாட்டா ஹார்ட் டிஸ்க் டிரைவர்களை ஸ்கஸி அடைவிலிருந்து தனி வீட்டுக்குக் குடிவைத்தார்கள். நியாயமான காரியம்தான். ஆனால் வீடு மாறும்போது பெயரையும் மாற்றினார்கள். 'ஸ்கஸி_சாட்டா_ஏஹெச்சிஐ' வெறும் 'சாட்டா_ஏஹெச்சிஐ' ஆனது. 'ஸ்கஸி_ஏடிஏ_பிக்ஸ்' என்பது 'ஏடிஏ_பிக்ஸ்' ஆனது. பழைய கோப்பை வைத்துக்கொண்டு, கேள்விகளைக் கவனிக்காமல் கட்டினால் ஹார்ட் டிஸ்க் டிரைவரே இல்லாத கெர்னல்தான் கிடைக்கும். இயக்கினால் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை என்று திரையில் ஒரு வரி வந்து அப்படியே நிற்கும். டிஸ்க்கும் கேபிளும் நன்றாக இருக்கும், மாறியது பெயர் மட்டும்தான்.

அடுத்தது 2008. இன்டெல் நெட்வொர்க் கார்டுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையை அதுவரை 'இ1000' டிரைவரே கவனித்துக்கொண்டிருந்தது. அந்தக் கார்டுகளைப் பிரித்து 'இ1000இ' என்கிற புது டிரைவரிடம் கொடுத்தார்கள். இங்கே பழைய பெயர் போகவில்லை, அதன் அர்த்தம் சுருங்கிவிட்டது. இது இன்னும் மோசம். டாட் கான்ஃபிக்கைத் திறந்து பார்த்தால் 'இ1000 = ஒய்' என்று ஜம்மென்று இருக்கும். நெட்வொர்க்தான் இருக்காது. பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது பாருங்கள்.

இதெல்லாம் பெரிய ஆட்கள் வீட்டுக் கதை. நம்ம மாதிரி ஆட்கள் வேலை பார்க்கிற இடத்தில் இன்னும் கூத்து. போர்டு தயாரிக்கிற கம்பெனிகள் கெர்னலை எடுத்து, தங்கள் டிரைவரைச் செருகி, தனிப் பிரதியாகக் கொடுப்பார்கள். அதில் ஆப்ஷன் பெயர்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பிராஜெக்ட்டுக்கு உள்ளூரில் வைத்த செல்லப் பெயர், மானேஜருக்குப் பிடித்த மலை, நதி, பறவை. பருந்து என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அது எந்தச் சில்லு என்று யாருக்குத் தெரியும்?

சில வருஷம் முன்னால், ஒரு ஜனவரி மாதம், மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே கரும்பு வண்டி எடை போடும் மேடையை 'தர்ம் காண்டா' என்பார்கள். எடைக் காட்டியிலிருந்து ஒரு சீரியல் கேபிள் கம்ப்யூட்டருக்கு வரும். திரையில் எடை விழுந்தால்தான் விவசாயிக்குச் சீட்டு. ஆலையின் ஒப்பந்தக்காரர் முந்தின நாள் கெர்னலைப் புதுப்பித்திருக்கிறார். பெட்டி ஓடுகிறது, திரை எரிகிறது, எடை மட்டும் விழவில்லை. வாசலில் டிராக்டர் டிராலிகள் பனியில் வரிசை கட்டி நிற்கின்றன. கரும்பு காயக் காய எடை குறையும். அது அந்த விவசாயியின் காசு.

பார்த்தால், போர்டு கம்பெனி முந்தின வெளியீட்டில் சீரியல் போர்ட் ஆப்ஷனுக்குத் தங்கள் பிராஜெக்ட் பெயரை வைத்திருந்தது. அடுத்த வெளியீட்டில் மார்க்கெட்டிங்காரர்கள் வைத்த புதுப் பெயர். டிரைவர் அதேதான், ஒரு வரி மாறவில்லை. பழைய கோப்பில் பழைய பெயர், கெர்னலுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டது. திருத்தம் ஒரே வரி. அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி. பனியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு டிராலிமேல் உட்கார்ந்திருந்தவருக்கு இந்தப் பெயர் மாற்றத்தால் என்ன லாபம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

"சரி, தப்பான பெயர் வைத்துவிட்டால் ஆயுசுக்கும் சுமக்கணுமா?" என்று ஆபிசில் ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பெரும்பாலும் சுமக்கத்தான் வேண்டும், அதில் ஒன்றும் கேவலமில்லை என்பது என் பதில். 'எஸ்என்டி_ஹெச்டிஏ_இன்டெல்' என்று ஒரு சவுண்டு ஆப்ஷன் இருக்கிறது. ஹெச்டி ஆடியோ என்ற தரத்தை இன்டெல் 2004-இல் கொண்டுவந்ததால் வந்த பெயர். இன்றைக்கு ஏஎம்டி பெட்டிக்கும் என்விடியா கார்டுக்கும் அதே ஆப்ஷன்தான். மெனுவில் 'ஹெச்டி ஆடியோ பிசிஐ' என்று பொதுவான பலகை, உள்ளே பழைய சிம்பல். அப்படியே எம்.ஏ.எஸ்.

பிராட்காமின் நெட்எக்ஸ்ட்ரீம் 2 நெட்வொர்க் சில்லு வியாபாரம் 2014-இல் கியூலாஜிக்குக் கைமாறியது. கியூலாஜிக்கை 2016-இல் கேவியம் வாங்கியது. கேவியத்தை 2018-இல் மார்வெல் வாங்கியது. அந்தச் சில்லில் வேலை பார்த்தவர் கழுத்தில் நாலு வருஷத்தில் நாலு கம்பெனி ஐடி கார்டு தொங்கியிருக்கும். கெர்னலில் ஆப்ஷன் 'பிஎன்எக்ஸ்2எக்ஸ்'தான், இன்னும் பிராட்காம் அடைவுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு முதலாளிக்கும் பெயர் மாற்றியிருந்தால் எத்தனை சர்வர் ராத்திரியில் நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்க்கலாம்.

மாற்றியே ஆகவேண்டும் என்கிற நிலையும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. 'எம்பெடட்' என்று ஒரு ஆப்ஷன் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் தொடவேண்டிய சில தேர்வுகளைத் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. சின்னக் கருவிகளோடு மட்டும் சம்பந்தப்பட்டது இல்லை. பெயர் ஆளைத் தப்பான பக்கம் அனுப்பியது. 2011-இல் அதற்கு 'எக்ஸ்பர்ட்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் 'எம்பெடட்'டைத் தூக்கி எறியவில்லை. அதை ஒய் என்று வைத்தால் 'எக்ஸ்பர்ட்' தானாக ஒய் ஆகும்படி செய்து, பல வருஷம் கூடவே வைத்திருந்தார்கள். பழைய கோப்பு வைத்திருந்தவருக்கு ஒன்றும் கெடவில்லை.

இன்னொன்று, 2012 ஜனவரியில் வந்த 3.2 கெர்னல். ஈதர்நெட் டிரைவர்களை எல்லாம் கம்பெனி வாரியாக அடுக்கி, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கதவு ஆப்ஷன் வைத்தார்கள். அந்தக் கதவு மூடியிருந்தால் உள்ளே இருக்கிற டிரைவர் எதுவும் கண்ணில் படாது. அதனால் கதவுகளுக்கு டீஃபால்ட் ஒய். புது டிரைவருக்கு டீஃபால்ட் ஒய் வைத்தால் லினஸ் டோர்வால்ட்ஸ் திட்டுவார். அது சரிதான், எல்லோர் தலையிலும் ஏன் கட்டவேண்டும்? ஆனால் ஏற்கெனவே இருந்ததைப் புதுக் கதவுக்குப் பின்னால் வைத்தால் கதவைத் திறந்து வைப்பதுதான் மரியாதை. கேகான்ஃபிக் ஆவணத்திலேயே இந்த விதி இருக்கிறது.

இப்போது இதற்கென்றே வழி வந்துவிட்டது. 2025-இல் வந்த 6.18 கெர்னலில் சிம்பலுக்கு 'டிரான்சிஷனல்' என்று குறி போடலாம். பழைய பெயரை அப்படிக் குறித்து வைத்தால், பழைய கோப்பிலிருந்து அதன் பதிலைப் படித்துப் புதுப் பெயருக்குக் கொடுத்துவிடலாம். புதிதாக எழுதும் கோப்பில் பழைய பெயர் இருக்காது. இத்தனை வருஷம் ஆளாளுக்குக் கையால் செய்துகொண்டிருந்தது, இப்போது முறைப்படி கிடைக்கிறது. ஆக, இனிமேல் பெயரை மாற்றிவிட்டு 'பார்த்துக்கோங்க' என்று போகிறவர்களுக்குச் சாக்கு சொல்ல இடமில்லை.

நம்ம வீட்டு விஷயத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் எளிதாகப் புரியும். பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்போம். மாமனார் பெயரைச் சொல்லிக் கூப்பிட மருமகளுக்கு வாய் வராது. அதனால் வீட்டில் வேறு பெயர். ரெஜிஸ்டரில் ராமசாமி, வீட்டில் பாபு. பெரியவனானதும் 'பாபு' பிடிக்கவில்லை என்றால் 'ராம்' என்று கூப்பிடுவோம், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ரெஜிஸ்டரில் இருப்பதைத் தொட்டால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கம் வந்த நமக்கெல்லாம் தெரியும். இனிஷியலோடு வந்தவரிடம் ஸ்கூல் ஃபாரம் சர்நேம் கேட்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள். பேங்கில் அப்பா பெயர் முன்னால், பான் கார்டில் பின்னால். கடைசியில் ஒரே ஆள் நாலு கோப்பில் நாலு பேராக நிற்பார். நாலும் ஒருத்தர்தான் என்று அஃபிடவிட் எழுதிக்கொடுக்க நோட்டரியைத் தேடி அலையவேண்டும். ரெஜிஸ்டர் பெயர் நம் ஆசைக்கு இல்லை, அடுத்த கோப்போடு பொருந்துவதற்கு. சிம்பலும் அப்படித்தான்.

டிரைவர் எழுதுகிறவர்கள் நம்மில் நிறைய. பெங்களூரு, ஹைதராபாத், நொய்டா என்று எந்தச் சில்லுக் கம்பெனிக்குள் போனாலும் தமிழ்க் குரல் கேட்கும். உங்களுக்கும், இந்த வேலைக்கு வரப்போகிற உங்கள் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான்.

சில்லின் பெயரை வையுங்கள். போர்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலோ, கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையை ஓட்டினாலோ தெரிகிற பெயராக இருக்கட்டும். 'யுஎஸ்பி_சீரியல்_சிஹெச்341' எவ்வளவு அழகு பாருங்கள். எந்த வழியில் வருகிறது, என்ன வகை, எந்தச் சில்லு, மூன்றும் இருக்கிறது. மாட்யூல் பெயரும் சிம்பலும் ஒன்றாக இருந்தால் நல்லது. 'டிக்கான்3' என்ற ஆப்ஷனை ஒய் ஆக்கினால்தான் 'டிஜி3' டிரைவர் வரும் என்று எத்தனை பேருக்கு ஜோசியம் தெரியும்? அடுத்த மாடல் வரும் என்று நினைத்துக் கம்பெனிப் பெயரையும், குடும்பப் பெயரையும் பெரிதாக வைக்காதீர்கள். அடுத்த மாடல் வேறு மாதிரி இருக்கும், பெயர் பொய்யாகும். முதல் சில்லின் பெயரை வைத்துவிட்டு, பிறகு வருவதைப் பிராம்ப்ட்டிலும் உதவிக் குறிப்பிலும் எழுதிக்கொண்டே போகலாம். அந்த உதவிக் குறிப்பைத் தயவுசெய்து ரெண்டு வரியாவது எழுதுங்கள். 'இந்த டிரைவர் வேண்டுமென்றால் ஒய் சொல்லவும்' என்பது உதவி இல்லை, கிண்டல்.

புதுப் பெயர் வைக்கச் சொல்லி மார்க்கெட்டிங்கில் இருந்து மெயில் வந்தால் பிராம்ப்ட்டை மாற்றிக் கொடுங்கள். அவர்களுக்கு அது போதும், திரையில் தெரிவது அதுதான். சிம்பல் அவர்களுக்கு வேண்டியதில்லை. அது எங்கேயோ ஒரு ஆலையில், ஒரு ஆஸ்பத்திரியில், பழைய டாட் கான்ஃபிக்கை நம்பி நாளைக்குப் புதுப்பிக்கப் போகிற யாரோ ஒருவருக்கு வேண்டியது.